நான்காவது மூலை

பகல் ஒன்றேகால். பிரெடெரிசியாவில் அந்த வீட்டை விட்டு இறங்கி ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தையல் பெட்டி என் கையில் இருந்தது. தைத்த போர்வை அந்த வீட்டுக்குள்ளே, இறந்தவருக்குப் பக்கத்தில்.

விடிய ஆறரைக்கு டோஸ்ட்ருப்பில் ரயிலேறினேன். அங்கே ஒரு தையல் கடையில் எனக்கு வேலை. போன மாதம் டானியல் என்ற யூதர் வந்தார். படுக்கையில் கிடக்கும் தந்தைக்குத் தொழுகைப் போர்வை வேண்டும். நான்கு மூலையிலும் குஞ்சம் கட்டுவார்கள். பழையது அவருக்குப் பாரமாகிவிட்டதாம்.

துணி காட்ட நானே ஒருமுறை அந்த வீட்டுக்கு வந்துபோனேன். டானியலின் தந்தையான பெரியவர் தடவிப் பார்த்தார். பருத்தியை ஒதுக்கினார். "பருத்தி செல்லுமா என்று எங்கள் ஆட்கள் வாதாடுவார்கள். கம்பளிக்கு வாதமில்லை. வாதாட எனக்கு நேரமும் இல்லை." லினன் அறவே கூடாது, கம்பளியும் லினனும் ஒரே உடுப்பில் சேர்வது அவர்கள் சட்டத்தில் தடை. மெல்லிய கம்பளி எடுத்தோம், மீற்றர் 420 குரோனர்.

இந்த முறை பத்து மணிக்குப் பெரியவர் போர்வையைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்தார். முகம் மலர்ந்தது. நான்தான் வாயைத் திறந்தேன்.

"மூலை கிழியாது ஐயா. லினன் நூல் போட்டிருக்கிறேன்."

கையை எடுத்துவிட்டார்.

இழுபடும் இடத்துக்கு லினன் நூல் என்று பை திருத்தும் கடையில் பழகியவன் நான். துணிக்குத்தான் தடை என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"பிரியுங்கள்," என்றார் பெரியவர். "நான் எங்கும் ஓடமாட்டேன்."

குசினி மேசையில் நான் ஒரு மூலையைப் பிரித்துப் பட்டு நூலால் தைக்க, டானியல் அதில் குஞ்சம் கட்டினார். மூன்று மூலை முடிந்தது. நான்காவதில் ஊசி வைத்தபோது தாதி வந்து டானியலைக் கூப்பிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "போதும். இறந்தவருக்கு அந்தத் தடை இல்லை."

"குஞ்சம்?"

"அடக்கத்தின்போது ஒரு குஞ்சத்தை வெட்டித்தான் போர்த்துவோம். அது இந்த நான்காவது மூலைக் குஞ்சமாக இருக்கட்டும்."

டானியல் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கடைக்குத் திரும்பியிருப்பேன். அந்தப் பெரியவர் போர்வையை ஒருமுறைகூடப் போர்த்தவில்லை.

கடைக்குப் போகாமல், வைலேயில் ரயில் மாறி, பிராண்டேயில் இறங்கினேன். அங்கே தொழிற்சாலையில் வேலை செய்யும் சிவம் அண்ணை, நான் போன் செய்தபடி காரோடு நின்றார்.

"என்ன, துரத்திப்போட்டாங்களோ?"

"இல்லை அண்ணை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"பிறகேன் இந்த மூஞ்சை? நாளைக்கு ஆள் எடுக்கினம். துணி விரிப்பியோ?"

"ஓம்."

"உடுக்கிற துணி இல்லையடா. கண்ணாடி நார். காற்றாலைச் சிறகுக்கு. தோலில நல்லாக் கடிக்கும்."

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலையில் கையுறையும் முகமூடியும் தந்தார்கள். ரயில் பெட்டியைவிட நீளமான அச்சுக்குள் வெள்ளைத் துணியை அடுக்கடுக்காக விரிக்க வேண்டும். நார்களைச் சேர்த்துத் தைத்திருக்கும் நூல் என்ன என்று மேற்பார்வையாளரைக் கேட்டேன்.

"பொலியெஸ்டர். ஏன்?"

"தெரிந்துகொள்ளத்தான்," என்று சொல்லி முதல் துணியை விரித்தேன்.