அறுபத்திரண்டு சுற்றுக்குப் பிறகு ஓர் அடி

ஜனவரி முதல் தேதி பிற்பகலில் நானும் அம்மாவும் வீட்டைவிட்டு எங்கும் கிளம்புவதில்லை. வியன்னாவில் அப்போதுதான் புத்தாண்டின் காலைக் கச்சேரி நடக்கும். என் சம்பளத்தில் வாங்கிய டிவியில் அதைப் போட்டுவிடுவேன். பொன்னிற மண்டபம், மேடை நிறையப் பூக்கள், கறுப்புக் கோட்டு அணிந்த கலைஞர்கள். முன்னால் வயலின் வாசிப்பவர்களை அம்மா பார்ப்பதே இல்லை. அவள் கண் நேராகப் பின்வரிசைக்குப் போய்விடும்.

"அந்தா நிக்கான் பாரு, ஒண்ணும் செய்யாம" என்பாள்.

அப்படி நின்றவள்தான் நானும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதை எங்கே போனாலும் சொல்லிக்கொள்வேன். பதினோராம் வகுப்புக்குப் பாளையங்கோட்டையில் சேர்ந்தேன். அந்தப் பள்ளியில் முப்பது பிள்ளைகள் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று இருந்தது. வியன்னாவைப் பார்த்து எப்போதோ ஒரு தலைமையாசிரியர் தொடங்கி வைத்த வழக்கப்படி, புத்தாண்டு அன்று மாலை நான்கு மணிக்குப் பள்ளி மண்டபத்தில் கச்சேரி நடக்கும். மற்றவர்கள் சிறு வயதிலிருந்தே வயலின் படித்தவர்கள். காலைக் கூட்டத்தில் நான் கைதட்டியதைக் கவனித்த ஆர்க்கெஸ்ட்ரா மாஸ்டர், என் தாளம் பிசகாது என்று சொல்லி டிரையாங்கிளைக் கையில் கொடுத்தார். முக்கோணமாக வளைத்த ஒரு கம்பி, தட்ட இன்னொரு கம்பி, அவ்வளவுதான்.

சனிக்கிழமை தோறும் ஒத்திகை. அம்மாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை. சேரன்மகாதேவிப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவள் அவள். விடுமுறை நாளில் நானும் களை பறித்தால் அவளுக்குப் பாதி பாரம் குறையும்.

"வந்து பாக்கேன். உருப்படியா இருந்தா போ. இல்லைன்னா சனிக்கிழமை வயலுக்கு வந்துரு" என்றாள். சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை.

கச்சேரி அன்று அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். வயலின்காரர்களுக்கு நாற்காலி உண்டு. தட்டுகிற நான் மட்டும் பின்னால் நிற்க வேண்டும். முதல் பாதியில் எனக்கு இரண்டு பாட்டுகளில்தான் வேலை. மற்ற நேரமெல்லாம் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போனது மேடையிலிருந்து தெரிந்தது.

இடைவேளையில் கேக்கும் டீயும் கொடுத்தார்கள். அம்மா எதையும் தொடாமல் நேராக மாஸ்டரிடம் போனாள்.

"சார், எல்லாப் பிள்ளையளும் உக்காந்து வேலை செய்யுது. எம்மவ மட்டும் பின்னால நிக்கா. என்ன தப்பு பண்ணுனா?"

மாஸ்டர் விழித்தார். "தப்பா? ஒண்ணும் பண்ணலியேம்மா."

"பின்ன எதுக்கு நிப்பாட்டி வச்சிருக்கிய? தப்பு செஞ்சிருந்தா ரெண்டு போடு போடுங்க. நல்ல நாளும் அதுவுமா இத்தனை பேருக்கு முன்ன நிப்பாட்டாதிய."

"ஒரு ஸ்டூலாவது போடச் சொல்லுங்க மைனி" என்றாள் அத்தை.

வயலின் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "கடைசிப் பாட்டு வரைக்கும் இருங்கம்மா. அது உங்க மக இல்லாம நடக்காது."

கடைசிப் பாட்டு ஒரு வால்ட்ஸ். மெதுவாகத் தொடங்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் ஒரு சுற்று. அப்படி அறுபத்திரண்டு சுற்றுகள் நான் மனதுக்குள் எண்ண வேண்டும். பிறகு எல்லா வாத்தியங்களும் நின்றுவிடும். அந்த மௌனத்தில் நான் ஒரே ஓர் அடி அடிப்பேன். அந்த ஓசை அடங்கியதும் வேகமான பகுதி கிளம்பும்.

முப்பத்து நான்கு வரை எண்ணியிருந்தேன். மூன்றாவது வரிசையில் அம்மா எழுந்து நின்றாள். மகள் நிற்கும்போது தான் மட்டும் உட்கார முடியாது என்று முடிவு செய்துவிட்டாள். பின்னாலிருந்தவர்கள் "உக்காருங்கம்மா, மறைக்குது" என்றார்கள். அத்தை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை.

என் எண்ணிக்கை போய்விட்டது.

அம்மாவின் கண்முன்னே தவறாக அடித்தால் சனிக்கிழமை போச்சு. அப்போது எனக்கு முன்னால் செல்லோ என்ற பெரிய வயலினை வாசித்த பெண் இசைக்குறிப்புத் தாளைத் திருப்பினாள். எல்லா ஒத்திகையிலும் அதே இடத்தில்தான் திருப்புவாள். அங்கிருந்து எட்டுச் சுற்று. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

எல்லாம் நின்றது. நான் அடித்தேன்.

அந்தச் சின்ன ஓசை மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை போனது. அது தேய்ந்து மறைந்த பிறகுதான் மாஸ்டரின் கை உயர்ந்தது, வயலின்கள் பாய்ந்தன. அம்மா உட்கார்ந்தாள்.

ஊருக்குப் பஸ் ஏறினோம். அத்தைதான் பேச்சை ஆரம்பித்தாள். "ஒரு தட்டு தட்டவா இம்புட்டு நேரம் நின்னா?"

"நீ போய்த் தட்டிப் பாரு, தெரியும்" என்றாள் அம்மா. "அத்தனை வயலினும் இவ தட்டுததுக்குல்லா காத்துக் கெடந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "சனிக்கிழமை நீ போ. ஞாயித்துக்கிழமை வயலுக்கு வந்துரணும்" என்றாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சேற்றில் குனிந்து களை பறிக்கும்போதும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். அடுத்த பாத்தியிலிருந்து அம்மா, "எத்தனைட்டி ஆச்சு?" என்பாள். படிப்பு முடிந்ததும் கம்பியைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எதையும் வாசித்ததில்லை.

இந்த வருஷம் கச்சேரிக்கு நடுவில், அடுப்பில் பால் பொங்கப் போகிறதே என்று எழுந்தேன். அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பால் கெடக்கட்டும், உக்காரு. அவன் இன்னும் தட்டல."