மூன்று வாய்களில் ஓர் அண்ணம்

பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் முகம் பார்த்து மனிதரை அறிவதில்லை. மருத்துவமனைகளிலிருந்து அட்டைப்பெட்டிகளில் வந்து சேரும் பிளாஸ்டர் அச்சுகளே அவர்களுக்கு மனிதர்கள். அந்த மனிதர்களுக்குக் கண்ணில்லை, காதில்லை, பேரில்லை. ஈறும் பல்லும், வாயின் மேற்கூரையான அண்ணமும் மட்டும் உண்டு. பல்லை முத்தென்றும் முல்லை அரும்பென்றும் பாடிவைத்த பழம்புலவர்கள் ஏனோ அண்ணத்தைப் பாடாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையை ஈடுசெய்யப் பிறந்தவள்போல, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அக்கூடத்தில் நுழைந்தாள் ஒருத்தி. இன்று ஐம்பதை நெருங்கும் அவளைக் கூடத்தில் அனைவரும் பல்லக்கா என்றே அழைக்கிறார்கள். சம்பளம் கொடுக்கும் முதலாளியும் அப்படித்தான் அழைக்கிறார்.

பல்லக்கா நிமிர்ந்து நடப்பவள். இளவயதில் மணமாகி, அது ஒத்துவராமல், ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழைப்புமணியின் ஒலி அடங்குமுன் தாய் கதவைத் திறந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அன்று முதல் இருவரும் அந்த இரண்டாம் மாடி வீட்டில் ஒன்றாக வாழ்கிறார்கள். தான் திரும்பி வந்த கதையை யாரிடமும் தலைகுனிந்து சொல்லவேண்டிய நிலை அவளுக்கு வந்ததில்லை. அந்தத் தெம்பு அம்மா தந்தது என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

அக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருபவர் முதலில் தம் வாயையே அச்செடுத்து வார்க்க வேண்டும். வேலையில் இருக்கும்வரை அந்த அச்சு சன்னலோர அலமாரியில் அவரவர் இடத்தில் இருக்கும். பல்லக்காவின் அச்சில் இரண்டு அடையாளங்கள் உண்டு. அண்ணத்தின் நடுவே, கவிழ்த்து வைத்த படகின் அடிப்புறம்போல நீண்ட எலும்பு மேடு ஒன்று. மேல்வரிசையில் முன்பற்களுக்கு வலப்புறத்துப் பல், பாதி வளர்ந்து மனம் மாறி நின்றுவிட்டதுபோலக் கூம்பிச் சிறுத்திருக்கும். இரண்டும் தாய்வழிச் சொத்து. தாய்க்குப் பல் செட் செய்தவளும் அவளே என்பதால் அதை விரலால் தொட்டே அறிந்தவள்.

ஒரு நாள் காலை, பாலிஷ் போடுபவன் அலமாரியருகே நின்று சத்தம் போட்டான். கூடத்தில் வாய் ஓயாதவன் அவன் ஒருவன்தான்.

"அக்கா, உங்க வாய் மேசையில கிடந்துச்சு. எடுத்து மேல வச்சிருக்கேன். ஆனா பாருங்க, பின்பல்லெல்லாம் கொட்டிப் போச்சு. யாரு உடைச்சதுன்னு என்னைக் கேக்காதீங்க, நான் இல்லை."

"என் வாய் என் இடத்துலதானே இருக்கு? கண்ணைத் திறந்து பாரு."

அவன் பார்த்தான். அலமாரியில் இரண்டு அச்சுகள் அருகருகே இருந்தன. "அட, அப்ப இது யாரு? உங்களுக்கு ரெண்டு வாயா? ஒண்ணையே எங்களால தாங்க முடியலை!"

கூடம் சிரித்தது. பல்லக்காவும் சிரித்தாள். பிறகு இரண்டு அச்சுகளையும் விளக்கின் கீழ் வைத்துக் கட்டைவிரலால் தடவினாள், சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணத்து மேடு பலருக்கு உண்டு. கூம்பிய பல்லும் பலருக்கு உண்டு. இரண்டும் ஒரே வாயில், தன் வாயில் உள்ள அதே சாய்வோடு அமைந்திருந்ததை அவளால் தற்செயல் என்று தள்ள முடியவில்லை. அன்று காலைப் பெட்டியில் வந்த புதிய அச்சு அது. வயது முதிர்ந்த ஒருவருடையது. பெட்டியின் மேல் மருத்துவமனையின் பெயர் மட்டும் இருந்தது.

அம்மாவுக்கு உறவென்று இருந்தது ஒரே ஒரு தங்கை. பல்லக்கா சிறுமியாக இருந்தபோது அவளை முதுகில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கியவள் அந்தச் சித்தி. சிரிக்கும்போது தன் குட்டிப் பல்லை நாக்குநுனியால் தொட்டுக் காட்டி, உனக்கும் இது முளைக்கும் பார் என்பாள். ஒரு நாள் முதல் சித்தி வரவில்லை. கேட்டபோது, வெளியூரில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று அம்மா சொன்னாள். சிறுமி அழுதாள், பிறகு வளர்ந்தாள்.

அச்சு சித்தியுடையது என்றால், சித்தி உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள் என்றால், இத்தனை காலமும் அவளைக் கொன்று வைத்திருந்தது அம்மாவின் ஒரு வாக்கியம். ஒருத்தியை மீட்கப் போய் மற்றொருத்தியை இழந்துவிடலாகாது. அந்த ஒன்றையே உறுதியாகப் பற்றிக்கொண்டு பல்லக்கா மாலையில் வீடு திரும்பினாள்.

அம்மா சமையலறை மேடையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னைக்கு ஒரு அச்சு வந்துச்சு. அண்ணத்துல நம்ம மேடு. வலது பக்கம் நம்ம குட்டிப் பல்லு. என்னோடதுன்னு நினைச்சு அலமாரியிலயே வச்சுட்டாங்க."

யாருடையது என்று அம்மா கேட்கவில்லை. கத்தி மட்டும் நின்றது.

"எத்தனை பல்லு போயிருக்கு?"

"மேல பின்பக்கம் ரெண்டு பக்கமும். கீழ கொஞ்சம்."

"ம்." கத்தி மீண்டும் நடந்தது; துண்டுகள் சிறிதும் பெரிதுமாக விழுந்தன. "அந்த வேலைய வேற யாருக்காவது குடுத்துடேன்."

"ஏன்மா?"

"உனக்குத்தான் கண்ணு வலிக்குதுன்னியே."

"கண்ணு வலி உனக்குத்தாம்மா. எனக்கு இல்லை."

அம்மா நறுக்கியதை அள்ளிக் கழுவப் போனாள். மகள் வற்புறுத்தவில்லை. பிளாஸ்டர் இறுகுமுன் அச்சைப் பிரித்தால் உடையும் என்பதை அவள் கைகள் அறிந்திருந்தன. ஆனால் கண்கள் விழித்திருந்தன. அடுத்து வந்த நாட்களில், தண்ணீர்க் கேன் கொண்டுவருபவர் மணி அடித்தாலும் அம்மா திடுக்கிட்டாள். "யாருன்னு பாத்துட்டு வா" என்று மகளை அனுப்பிவிட்டு, முன்னறைச் சுவரைப் பிடித்தபடி நின்றாள். வந்தவர் யாரென்று தெரிந்தபின் அவள் முகத்தில் தோன்றியது நிம்மதியா ஏமாற்றமா என்று மகளால் பிரித்தறிய முடியவில்லை. தனக்குத் தெரிந்த அம்மாவுக்குள் தெரியாத ஒருத்தி உலவுவதைப் பார்ப்பது அச்சமூட்டியது. அச்சத்தை ஒப்புக்கொண்டாள், அதற்கு அடங்கவில்லை.

பற்களின் நிறம் பொருத்திப் பார்க்க மருத்துவமனைக்கு நேரில் செல்லும் உரிமை அவளுக்கு உண்டு. சென்றாள். நோயாளிக்கான நாற்காலியில் சாய்ந்திருந்தாள் ஒரு பெண். குட்டையாக வெட்டிய நரைமுடி, வெயிலில் கறுத்த முன்கை, சட்டைப்பையில் தொங்கும் சாவிக்கொத்து.

"வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறேம்மா. கிளட்ச்சை விடு, கிளட்ச்சை விடுன்னு கத்திக் கத்தியே பாதிப் பல்லு போச்சு. மிச்சமும் போறதுக்குள்ள செட்டைக் குடுத்துடு."

பல்லக்கா நிறமாதிரிகளை ஒவ்வொன்றாகப் பல்லருகே வைத்துப் பார்த்தாள். பொருந்திய நிறத்தைக் குறித்துக்கொண்டாள். மருத்துவர் பக்கத்து அறைக்குப் போனதும் தன் முகக்கவசத்தை இறக்கி, சிரித்து, குட்டிப் பல்லை நாக்குநுனியால் தொட்டாள்.

நாற்காலியில் இருந்தவள் நெடுநேரம் பார்த்தாள்.

"நீ... யாரு பொண்ணு?"

"நீங்க முதுகுல தூக்கிட்டுப் போன பொண்ணு, சித்தி."

சாவிக்கொத்து குலுங்க அவள் எழுந்து உட்கார்ந்தாள். "அக்கா இருக்காளா?"

"இருக்காங்க. நீங்கதான் இல்லை. காய்ச்சல்ல போயிட்டீங்க."

"காய்ச்சலா?" சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். "பரவாயில்லை, லேசாத்தான் அனுப்பியிருக்கா. லாரியில அடிபட்டேன்னு சொல்லாம விட்டாளே!"

பிறகு சுருக்கமாகச் சொன்னாள். கணவன் வீட்டில் இருக்க முடியாமல் ஒரு நடுப்பகலில் அக்கா வீட்டுக்கு வந்தாள். கதவைத் தட்டினாள். "உள்ள அவ நடந்து வர்ற சத்தம் கேட்டுச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடற சத்தம்கூடக் கேட்டுச்சு. திறக்கலை. ரெண்டாவது தட்டினேன். திறக்கலை. மூணாவது தட்ட மானம் இடம் குடுக்கலை."

"அம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"இங்க வேண்டாம். டாக்டர் முன்னாடி அழுது தொலைப்பா. சனிக்கிழமை மதியத்துக்கு மேல என் வீட்டுக்கு வந்து தட்டட்டும். திறப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாது. அதையும் சேத்துச் சொல்லிடு."

அன்று மாலை பல்லக்கா செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகச் சொன்னாள்: "அம்மா, சித்தி டிரைவிங் சொல்லிக் குடுக்கறாங்க. முடியை வெட்டிட்டாங்க. நல்லா இருக்கு அவங்களுக்கு."

அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "அவ செத்ததை நான் பாக்கலைடி."

"தெரியும்மா. அவங்களும் பாக்கலையாம்."

அம்மா சிரிக்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவியபடி பேசினாள். அடைபட்டுக் கிடந்த சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "திறக்காம விட்டா திரும்பி அவன்கிட்டயே போயிடுவா, குடும்பம் நிலைச்சுடும்னு நினைச்சேன். நல்லதுன்னே நினைச்சேன். மறுநாள் விடிஞ்சதும் ஓடினேன். அங்கயும் போகலை. எங்கெங்கயோ தேடினேன். நீ வேற, சித்தி எங்க, சித்தி எங்கன்னு பிச்சு எடுத்தே. போயிட்டான்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்."

மகளை நேராகப் பார்த்தாள். "நீ பெட்டியோட வந்து நின்னப்ப ஓடி வந்து திறந்தேனே. பாசம்னு நினைச்சிருப்பே. பாசம் பாதிதான். பயம் பாதி."

தன் வாழ்வைத் தாங்கி நிறுத்திய அந்தத் திறந்த கதவு, வேறொருத்திக்குச் சேரவேண்டிய கடன் என்று அறிவது எளிதன்று. பல்லக்கா சன்னலருகே போய்ச் சற்று நேரம் தெருவைப் பார்த்தாள். கோபம் வந்தது, வரட்டும் என்று விட்டாள். கோபத்தின் அடியில் ஒன்று அசையாமல் இருந்தது. பாதி பயம் என்றாலும், அன்று கதவு திறந்தது. அதில் பொய் இல்லை.

திரும்பி வந்து சொன்னாள்: "சனிக்கிழமை மதியத்தோட அவங்களுக்கு வேலை முடியும். போவோம்."

"திறக்கலைன்னா?"

"அடுத்த சனிக்கிழமை போவோம். சனிக்கிழமைக்கு என்ன பஞ்சமா?"

அந்த வாரம் முழுவதும் சித்தியின் பல் செட்டை அவளே செய்தாள். மெழுகு வேலையையும் பிறர் கையில் தரவில்லை. அச்சில் அண்ணத்து மேட்டின் மேல், இடைவெளி கிடைக்க மெல்லிய தகடு ஒன்றை ஒட்டி, அதற்குமேல் வார்த்தாள். மேட்டின்மேல் செட் அழுந்தினால் புண்ணாகும். எலும்பைச் சுரண்டியும் சரிசெய்யலாம், சற்று இடம் விட்டும் சரிசெய்யலாம். அவள் எப்போதும் இடம் விடுபவள். பாலிஷ் போடுபவன் அதை விளக்கில் திருப்பிப் பார்த்து, "உங்களுக்கே செஞ்சுக்கிட்ட மாதிரி இருக்குக்கா" என்றான். "அப்படித்தான்" என்றாள். செட் வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை வந்தது. சித்தியின் வீடு ஒரு டயர்க் கடைக்கு மேலே இருந்தது. இரும்புப் படிகளில் அம்மா கைப்பிடியைப் பற்றி ஏறினாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடியே வந்திருந்தாள். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. அம்மா தட்டினாள். வானொலி நின்றது. காலடி ஓசை நெருங்கி வந்து, கதவுக்கு அப்புறம் நின்றது. கதவு திறக்கவில்லை.

மகள் குரல் கொடுக்க வாயெடுத்தாள். அம்மா அவள் கையை அழுத்தினாள். "சும்மா இரு. அவ எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்கட்டும்." சொல்லிவிட்டு மேல்படியிலேயே உட்கார்ந்தாள். கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். அடித்து முடித்து வண்டியும் போயிற்று. அம்மா நகரவில்லை. உள்ளே நின்று கேட்பவளும் நகரவில்லை என்பது கதவின் அடியில் தெரிந்த நிழலால் விளங்கியது.

ஒருவழியாகத் தாழ்ப்பாள் விலகியது. சித்தி நின்றாள், புதுப் பல் செட் மாட்டியிருந்தாள். அக்காவை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள்.

"நான் ரெண்டு தடவை தட்டினேன்" என்றாள். "நீ ஒண்ணோட உக்காந்துட்டே."

அம்மா படியிலிருந்து எழ முயன்றாள். மகள் தோள் கொடுத்தாள். "இன்னொரு தடவை தட்டவா?"

"தட்டு."

சித்தி கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் ஓசையும் கேட்டது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கதவின் முன் நிமிர்ந்து நின்று கையை உயர்த்தினாள். விரல் மரத்தில் படுவதற்குள் கதவு திறந்துவிட்டது.

"உன்னை மாதிரி என்னால முடியலை, போ" என்றாள் சித்தி. "உள்ள வா. டீ போட்டு வச்சு ஆறிப்போச்சு."