அமாவாசையில் விழித்த குழந்தை

என் மூத்த மகள் முதன்முதலாகச் சிரித்தது ஓர் அமாவாசையன்று. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, நீட்டிய கால்மேல் அவளைப் படுக்கவைத்துச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தேன். புகை விலகியதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் அவள் பார்த்ததைப் பார்வை என்றே சொல்ல முடியாது. கண் திறந்திருக்கும், அவ்வளவுதான். அன்றைக்குப் பார்த்தாள். வாயின் ஒரு பக்கம் கோணிற்று, பிறகு மறுபக்கம் கோணிற்று, பிறகு ஈறு முழுவதும் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் கொல்லைப்பக்கம் இருந்த என் கணவர் ஓடி வந்தார். வந்தவரைப் பார்த்தும் சிரித்தாள். அமாவாசை விடுமுறைக்கு நிறுத்தியிருந்த தறி மறுநாள் ஓடத் தொடங்கியது. அவள் பழையபடி தூங்கிப்போனாள்.

எங்களுடையது பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற குடும்பம். வெள்ளைக்காரன் காலம். எனக்கு இருபது வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு படித்திருந்தேன். இன்றைக்கு இதை நானே எழுத முடிகிறதே, அந்தப் படிப்பின் தயவுதான். மாமியார் இல்லாத வீடு. என் கணவரின் அக்காள், சிறு வயதிலேயே கணவரை இழந்து திரும்பி வந்தவர், தம்பியை வளர்த்து ஆளாக்கி வீட்டையும் நடத்திக்கொண்டிருந்தார். நாங்கள் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதனால் தறியில் இரண்டு பேர் வேண்டும். குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்து நெய்கிறவர் ஒருவர். ஓரத்தில் உட்கார்ந்து கரை நிறத்து நூலோடு ஓடுகிற நாடாக் கட்டையை எறிந்து கொடுக்கிறவர் ஒருவர். எங்கள் தறியில் அந்த இரண்டாவது ஆள் நான். நான் எழுந்தால் அவர் கையும் நின்றுவிடும்.

இரண்டாவது அமாவாசை வந்தது. அன்று முழுவதும் அவள் தூங்கவில்லை. கூரையிலிருந்து விழுந்த வெயில் புள்ளியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். "ங்கா" என்றாள். நான் "ங்கா" என்றேன். பதிலுக்கு இன்னும் உரக்கச் சொன்னாள். பொழுது சாய்ந்ததும் காரணமே இல்லாமல் வீறிட்டு அழுதாள். மூன்றாவது அமாவாசையில் பக்கவாட்டில் புரண்டு, ஒரு கை அடியில் மாட்டிக்கொள்ள, முக்கி முனகிக் குப்புறக் கவிழ்ந்தாள். தலையைத் தூக்கி வீட்டைச் சுற்றிப் பார்த்தாளே, ஏதோ வீட்டை விலைக்கு வாங்க வந்தவள்போல! நடுவில் இருந்த நாட்களிலோ, அவளைத் தூக்கினால் ஈரத்துணியைத் தூக்கியதுபோல் தோளில் தொங்குவாள். ஒரு வேலைநாளில் பித்தளைத் தட்டைக் காதோரம் தட்டிப் பார்த்தேன். இமைகூட அசையவில்லை. காது கேளாத பிள்ளையோ என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

தெருவுக்கு இது தெரியாமல் இருக்குமா? அமாவாசைக்கு அமாவாசை குழந்தை முழித்துக்கொள்கிறது, பொழுது சாய்ந்தால் கத்துகிறது என்றால் நெசவுத் தெருவில் வேறு என்ன சொல்வார்கள்? காற்று, கறுப்பு என்றார்கள். நாத்தனார் மிளகாய் சுற்றிப் போட்டார். மந்திரிக்கிறவர் ஒருவரை அழைத்துவந்து இடுப்பில் தாயத்தும் கட்டினோம். கட்டும்போது குழந்தையின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டவள் நான்தான். நானும் அதை நம்பினேன். மறைக்க ஒன்றுமில்லை. என் பெண் மாதத்தில் ஒரு நாள்தான் உயிரோடு இருந்தாள், அந்த ஒரு நாளையும் பேயின் கணக்கில் எழுதினோம்.

அடுத்த அமாவாசைக்கு இன்னும் இருபது நாளுக்குமேல் இருந்தது. தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த நூல், பழைய பாவு, நெய்து தீர்ந்துவிட, புதுப் பாவின் இழைகளைத் தறியில் பிணைக்க ஆள் வந்தார். அந்த வேலை முடியும்வரை தறி ஓடாது. அன்று பார்த்து என் மகள் முழித்துக்கொண்டாள். வானத்தில் நிலா இருந்தது, வளர்பிறை. ஆனாலும் என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது நிலாவின் வேலை இல்லை, தறியின் வேலை என்று அப்போதுதான் உறைத்தது. தறிக்கும் குழந்தைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன்.

தினமும் காலையில் நாத்தனார் குழந்தைக்கு உரைமருந்து கொடுப்பார். வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய் என்று கல்லில் இரண்டு இழைப்பு இழைத்துத் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவது. எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பாவு பிணைத்த இரண்டு நாளும் அதைக் கொடுத்தார், நான் பார்த்தேன். இரண்டாம் நாள் இரவு குழந்தைக்கு அழுகையும் தும்மலும் கூடின, நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் தறி ஓட வேண்டும். அன்று அதே மருந்தை இழைத்தபின், இடுப்பிலிருந்து ஒரு சின்னத் தகரடப்பியை எடுத்தார். கறுப்பாக எதையோ கடுகளவு கிள்ளி மருந்தோடு சேர்த்துக் குழைத்தார். அவர் விரல் குழந்தையின் வாய்க்குப் போகுமுன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டதிலிருந்து அவர் எதிரில் நிமிர்ந்து பேசாதவள் நான்.

"இது இன்னாக்கா?"

"மருந்துமா."

"இன்னா மருந்து?"

"தூங்கற மருந்து. அபினி. கடுகளவுதான் குடுக்கறேன். தறி வச்சிருக்கறவங்க வூட்ல எல்லாம் குடுக்கறதுதான். உன் புருஷன்கூட இதத் தின்னு வளந்தவன்தான், இன்னா கெட்டுட்டான்?"

"அமாவாசைக்கு ஏன் குடுக்கல?"

"அன்னிக்குத்தான் உன் கை சும்மா இருக்குதே. எதுக்குக் குடுக்கணும்?" என்றார், நான் ஏதோ மூளையில்லாதவள்போல.

அவர் ஒளிக்கவில்லை, நடுங்கவும் இல்லை. பேய்க்கும் டப்பிக்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றவே இல்லை. நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அவருக்கும் தெரியும் என்பது அந்தக் குனிந்த தலையில் தெரிந்தது. தாயத்துக் கட்டியபோது இந்த மனிதரும்தானே பக்கத்தில் நின்றார்?

"இன்னிலேந்து இது எம் பொண்ணு வாய்ல போவாது" என்றேன்.

"ஆவணி முகூர்த்தத்துக்குப் பொடவ குடுக்கணும். முதலாளி ரெண்டு வாட்டி ஆளனுப்பிட்டாரு. அது அழுதுக்கினு, நீ எழுந்து போய்க்கினே இருந்தா கோர்வ எப்படி ஓடும்?" என்றார் என் கணவர்.

"ஓடலன்னா நிக்கட்டும். தறி நின்னா செத்துடாது."

அப்படிச் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தறியை விட்டு நகர்ந்தேன். வீரமாகத்தான் இருந்தது, ஒரு நாள்வரை. இரண்டாம் நாளே குழந்தைக்கு உடம்பு உதறத் தொடங்கியது. ஓயாத தும்மல். பால் குடிக்க மறுத்தாள். வயிற்றாலே போயிற்று. காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அவள் கத்திய கத்தலில் தெருவே வாசலில் கூடிவிட்டது. "உன் பிடிவாதத்துக்குப் புள்ளைய பலி குடுக்கப் போறியாமா?" என்று நாத்தனார் அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பிரசவம் பார்த்த மருத்துவச்சியைத் தேடிச் சின்னக் காஞ்சிபுரம்வரை வெயிலில் நடந்தேன். அந்த அம்மாள் கண் ரெப்பையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஒரேயடியா நிறுத்தாதமா, பச்ச ஒடம்பு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா கொறச்சிக்கினே வா" என்றார்.

இதைத்தான் என்னால் இன்றும் விழுங்க முடியவில்லை. எதை எதிர்த்து வீட்டை இரண்டாக்கினேனோ, அதை என் கையாலேயே என் மகளுக்கு ஊட்ட வேண்டியதாயிற்று. டப்பியை நாத்தனாரிடமிருந்து வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். கடுகளவை ஊசிமுனையால் பாதியாக்கினேன். சில நாள் கழித்து அந்தப் பாதியைப் பாதியாக்கினேன். குறையக் குறைய அவளுக்கு அழுகை கூடியது. அழட்டும் என்று தறிக்குப் பக்கத்திலேயே தூளியைக் கட்டினேன். பட்டுக்கு அருகில் மூத்திரத்துணியா என்று வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் முகம் சுளித்தார்கள். நாலு நாடா எறிவேன், எழுவேன், பால் கொடுப்பேன், வந்து உட்கார்வேன். கடைசியில் ஊசியில் எடுக்கவும் ஒன்றுமில்லாத நாள் வந்தது. டப்பியைச் சாம்பல் குழியில் எறிந்தேன்.

முகூர்த்தப் புடவை பிந்திப்போயிற்று. முதலாளி அடுத்த கோர்வைப் பாவை எங்களுக்குத் தரவில்லை. ஒரே நிறத்தில் சாதாப் புடவை நெய்யத்தான் நூல் வந்தது. அதை என் கணவர் தனியாகவே நெய்துவிடலாம். கோர்வையில் பேர் வாங்கிய கைக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் அவர் என்னிடம் சோறு போடு என்றுகூடச் சொல்லவில்லை, தட்டை நகர்த்துவார். நானும் போடுவேன், பேசமாட்டேன். தப்பு செய்தது நான் இல்லையே, நான் ஏன் முதலில் பேச வேண்டும்?

பேச்சைத் தொடங்கிவைத்தவள் குழந்தைதான். வேலைநாள் ஒன்றில் தூளியில் அழுதுகொண்டிருந்தவள், நாடா ஓடிப் போய் முட்டுகிற சத்தத்தில் சட்டென்று நிறுத்தினாள். என் கணவர் கையை நிறுத்தினார். அவள் "ஊ" என்று அதட்டினாள். அவர் நாடாவை எறிந்தார். அவள் கெக்கெக்கென்று சிரித்தாள். மறுபடி நிறுத்தினார், மறுபடி அதட்டல். அன்று பொழுது முழுவதும் இதே விளையாட்டு. ஒரு சாண்கூட நெய்திருக்கமாட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பாமலே, "இவளுக்குக் காது கேக்குதுமே" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு அவள் செய்ததற்கெல்லாம் பஞ்சாங்கம் தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை உட்கார்ந்தாள். வியாழக்கிழமை பின்பக்கமாகத் தவழ்ந்து, முன்னால் போக நினைத்துச் சுவரில் முட்டிக்கொண்டு கோபப்பட்டாள். கோயில் இட்லியை ஒரு விள்ளல் வாயில் வைத்தேன். மிளகு நாக்கில் பட்டதும் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! துப்பிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். கழிவுப் பட்டு நூலைத் தின்றாள், தறிக்குழியில் தலைகீழாக எட்டிப் பார்த்தாள். ஒரு பிள்ளையும் இந்தத் தெருவில் இவ்வளவு அடங்காமல் இருந்ததில்லை என்று தெருவே சொன்னது. ஆமாம் என்றேன்.

பதிமூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், தறி ஓடிக்கொண்டிருக்கும்போது, கதவைப் பிடித்து நின்றவள் கையை விட்டாள். நாலே எட்டு. என்னிடம் வரவில்லை. ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் போய், அவர் கையிலிருந்த இழையைப் பிடித்து இழுத்து, அதை அறுத்துக்கொண்டே மடியில் விழுந்தாள். அத்தனை மாதமும் என்னிடம் தேவைக்குமேல் பேசாதவர் அவர். குழந்தையை இறுக்கிக்கொண்டார்.

"எனக்கும் ஒண்ணு இருந்துச்சில்லமா" என்றார்.

அவருக்கு ஒரு மகன் பிறந்து ஒரு வயதுக்குள் ஜுரத்தில் போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

"ஜுரம்னு சொல்லிக்கினு இருந்தேன். ஜுரம் இல்ல. அவன் அழுததே இல்லமா. புள்ளன்னா இப்படி இருக்கணும்னு எல்லாரும் மெச்சிக்கினாங்க. ஒரு நாள் தறி நின்னதும் தூக்கப் போனேன்..." குழந்தையின் முதுகைத் தடவினார். "நானேதான்மா குடுத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

தெரிந்தும் என் குழந்தைக்குக் கொடுத்தாரா, தெரியக்கூடாது என்பதற்காகவே கொடுத்துக்கொண்டிருந்தாரா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு முழுதாகத் தீர்ந்தது என்று சொன்னால் பொய். குழந்தையை வாங்கக் கை நீட்டினேன். "கெடக்கட்டும்மா" என்று அவர் தர மறுத்தார். அறுந்த இழையை நான் முடிந்து வைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது, இந்த வயதிலும் போகவில்லை. "எங்க கொழந்த அழவே அழாதுங்க" என்று யாராவது பெருமையடித்தால் நேரே அந்த வீட்டுக்குள் நுழைந்து, தூங்குகிற குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிவிடுவேன். அது வீறிடும். பெற்றவள் முறைப்பாள். நான் வந்த வேலை முடிந்ததென்று வெளியே வந்துவிடுவேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும், வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு உண்டு. ஒரே ஒரு முறை, எங்கள் தெருக்கோடி வீட்டில், இரண்டு தரம் சுண்டியும் குழந்தை அழவில்லை. அந்த வீட்டு ஆண்கள் என்னை வெளியே போகச் சொல்லிக் கத்தினார்கள். நான் அவர்கள் தறிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன், டப்பியைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கும்வரை எழுந்திருக்கமாட்டேன் என்று. சேதி கேட்டு என் நாத்தனார் வந்தார். என்னை அழைத்துப்போகத்தான் வருகிறார் என்று அவர்கள் வழிவிட்டார்கள். அவர் வந்து, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.