மீன்காரனுக்கு அறுபது கிராம்

என் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்ட பிறகு, கொழும்பு கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் சிங்கள அம்மா என்னிடம் முதலில் கேட்டது என் தொழிலைத்தான். மீன் வியாபாரம் என்றேன். பள்ளிவாசல்துறையில் படகுகள் கரைக்கு வந்ததும் மீனை எடுத்து, ஐஸ் போட்டு, லொறியில் கொழும்புக்கு ஏற்றுகிறவன் நான். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப மஹத்தயாவுக்குப் பிரச்சினையே இல்லதானே" என்றார்.

நாளைக்கு அறுபது கிராம் புரதம் உள்ளே போக வேண்டுமாம். போகாவிட்டால் முடி கொட்டும், கைகால் சோரும், இன்னும் மோசமானால் மறுபடி கட்டிலில் போட்டு மருந்து ஏற்ற வேண்டி வரும். நானும் சிரித்தேன். ஒரு நாளைக்கு ஒரு லொறி புரதத்தைத் தொட்டு எடுக்கிறவனுக்கு அறுபது கிராம் ஒரு கணக்கா?

நூற்று நாற்பது கிலோ இருந்தேன். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, மூச்சு வாங்கல், முழங்கால் வலி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. டொக்டர் வெட்டுவோம் என்றார், வெட்டுங்கள் என்றேன். எனக்கு வெட்டுக்குப் பயமில்லை. பயமெல்லாம் நானாவுக்குத்தான்.

நானா என் மூத்த சகோதரர். தொண்ணூறில் புலிகள் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைத் துரத்தியபோது எனக்குப் பத்து வயது, அவருக்குப் பதினெட்டு. வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். புத்தளம் பக்கத்து முகாமில் வரிசையில் நின்று அரிசி வாங்கி, கூலி வேலை செய்து என்னை ஆளாக்கியவர் அவர்தான். யுத்தம் முடிந்து, முகாம் போய், மதுரங்குளிப் பக்கம் ஆளுக்கொரு கல்வீடு கட்டிக்கொண்ட பிறகும், சோற்றுக் கோப்பையில் ஒரு பருக்கை மிஞ்சினால் அவருக்குத் தாங்காது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் தொப்பையைத் தட்டிக் காட்டி, "இது நான் வளத்தது" என்பார். அந்தத் தொப்பையைக் காசு கொடுத்து ஒழிக்கப் போகிறேன் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். அழுதுவிடுவார், அதுதான் பயம். ஆகவே பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனேன். உண்மை என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்து, கஞ்சித் தண்ணீர்க் காலமெல்லாம் கடந்து, மீன் சாப்பிடலாம் என்ற நிலை வந்ததும் தராசை எடுத்தேன். என் தராசு பாரை மீனும் அறக்குளாவும் நிறுப்பது. அறுபது கிராமை வைத்தால் முள் அசையவே இல்லை. மனைவி புத்தளத்துக்குப் போய்ச் சின்னத் தராசு ஒன்று வாங்கி வந்தாள். ஒவ்வொரு நாளும் அறுபது கிராம் மீனை நிறுத்து, அவித்து, உதிர்த்து, ஒரு முள்ளில்லாமல் கொடுத்தாள். நானும் சட்டமாகச் சாப்பிட்டேன். ஒரு மாதம் கழித்து இரத்தம் சோதித்துவிட்டு அந்த அம்மா நெற்றியைச் சுருக்கினார்.

"என்ன மஹத்தயா, ஒண்டும் சாப்பிடுறது இல்லயா?"

"அறுபது கிராம் மீன் நிறுத்துத் திங்கிறேனே!"

"ஐயோ, மீன் அறுபது இல்ல. மீனுக்குள்ள இருக்கிற புரோட்டீன் அறுபது. நூறு கிராம் மீன்ல இருபதுதான் இருக்கு."

"அப்ப மிச்சம்?"

"கூட வத்துர. தண்ணி."

இருபத்தைந்து வருடம் மீன் விற்றவனிடம் மீனில் பெரும்பங்கு தண்ணீர் என்று சொல்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போயிருப்பேன், எழும்பத்தான் சத்தில்லை. கணக்குப் பார்த்தால் நான் நாளைக்கு முந்நூறு கிராம் மீன் தின்ன வேண்டும். என் வயிறோ அரைக் கோப்பை கொள்ளும். அதிலும் சோறு போனால் மீனுக்கு இடமில்லை. ஆகவே முதலில் மீன், முட்டை, இறைச்சி, பிறகு இடமிருந்தால்தான் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கவும் கூடாது. கொஞ்சம் கூடினால் விக்கல் வந்துவிடும், அதுவும் சாதாரண விக்கல் இல்லை, தெருவுக்குக் கேட்கும்.

கிளினிக்கில் ஒரு புரதமாவும் எழுதிக் கொடுத்தார்கள். வாளி அளவு டின். அதன் மேலே உள்ளாடை மட்டும் போட்ட ஒரு ஆள் தசையைப் புடைத்துக்கொண்டு நின்றான். மனைவி அவனைத் தான் சமைக்கிற குசினிக்குள் விட மறுத்தாள். கடைசியில் கழுத்துக்குக் கீழே பழுப்புத் தாள் சுற்றி ஒட்டி அவனுக்கு ஒரு ஜுப்பா உடுத்திய பிறகுதான் அலுமாரிக்கு மேல் இடம் கிடைத்தது. மாவு வனிலா வாசம். அடுப்பில் கொதித்த மீன் ஆணத்தில் கலந்து பார்த்தோம். அந்த ருசியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

இந்தச் சமயத்தில்தான் நானா வந்தார். என் சட்டை தோளிலிருந்து தொங்குவதைப் பார்த்தார். பிறகு அலுமாரி மேல் இருந்த டின்னைப் பார்த்தார்.

"அது என்னடா?"

"மருந்து நானா."

"இம்புட்டுப் பெரிய மருந்தா?" என்றார். மருந்தின் அளவை வைத்து அவர் வருத்தத்தின் அளவை முடிவு செய்துவிட்டார். குசினிக்குப் போய் என் மனைவியிடம், "உள்ளதச் சொல்லு, பெரிய வருத்தமா?" என்று கேட்டிருக்கிறார். அவளுக்குப் பொய் வராது, உண்மை சொல்ல எனக்குக் கொடுத்த சத்தியம் விடாது. "எல்லாத்துக்கும் அல்லாஹ் இரிக்கான் மச்சான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்திருக்கிறாள். போதாதா? அன்று அஸர் தொழுகைக்கு முன்பே ஊருக்குள் எனக்குப் புற்றுநோய் வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மௌலவி துஆ கேட்டார். மழைக்குக் கேட்டார், கடலுக்குப் போனவர்களுக்குக் கேட்டார், பிறகு குரல் தழுதழுக்க, "கடும் வருத்தத்தில் இருக்கும் நம்முடைய மீன் முதலாளிக்கு" என்று தொடங்கினார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நானே எல்லோரையும்விட உரக்க "ஆமீன்" என்றேன். முன்வரிசையில் நானாவின் முதுகு குலுங்கியது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது: அன்று முதல் வீடு தேடிப் புரதம் வரத் தொடங்கியது. நாட்டுக்கோழி சூப், முட்டை, எலும்பு அவித்த தண்ணீர், பள்ளிவாசல்துறையில் என்னோடு விலைக்குச் சண்டை பிடிக்கும் படகுக்காரச் சம்மாட்டி அனுப்பிய சதை வழித்த நண்டு. சாகப்போகிறவனுக்குச் சோறு கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. நான் அரைமணிக்கொரு வாய் என்று தின்றேன். அடுத்த சோதனையில் கிளினிக் அம்மா கைதட்டினார். முடி கொட்டுவதும் நின்றது. ஊர் என்னைக் கபுருக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருக்க, நான் நாளுக்கு நாள் தேறிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நானா தன் மகளின் கலியாணத்தை முன்னுக்கு இழுத்துவிட்டார். அடுத்த வருடம் என்று பேசி வைத்திருந்தது. "சாச்சா கண்ணால பாக்கட்டும்" என்று சொன்னாராம். மாப்பிள்ளை வீட்டார் அழுதுகொண்டே சம்மதித்தார்களாம். இது எனக்குத் தெரியவந்தபோது பந்தல்காரனுக்கே சொல்லியாகிவிட்டது. அப்போது வாயைத் திறந்தால் கலியாணம் குழம்பும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் கலியாணங்களில் சஹன் சாப்பாடு. பெரிய தாலம் ஒன்றில் சோற்றைக் குவித்து, நடுவில் பொரித்த கோழியும் இறைச்சியும் வைத்து, ஆறுபேர் சுற்றி இருந்து ஒரே தாலத்தில் சாப்பிடுவது. அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. அடுத்தவர் பக்கம் கை போடக்கூடாது. எல்லோரும் முடிக்கும்வரை எழும்பவும் கூடாது. என் சஹனில் மௌலவி, மாப்பிள்ளையின் வாப்பா, அவர்கள் பக்கத்து மூன்று பேர், நான்.

மாப்பிள்ளையின் வாப்பா கோழியைப் பிய்த்தார். நெஞ்சுக்கறி முழுவதையும் என் பக்கம் வைத்தார். "நீங்க சாப்பிடுங்க, நாங்க எப்பவும் சாப்பிடலாம்" என்றார். மௌலவி தன் பங்குக் கோழிக்காலை எனக்குத் தள்ளினார். மற்றவர்களும் தங்கள் இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக என் பக்கம் அனுப்பிவிட்டு வெறுஞ்சோற்றைப் பிசைந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கோழியை மட்டும் மென்றேன், மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். அவர்கள் பக்கம் தாலத்தின் அடி தெரிந்துவிட்டது. என் முன்னால் மட்டும் சோற்று மலை அப்படியே நின்றது. அதன் பின்னால் கோழி எலும்பு மட்டும் சேர்ந்துகொண்டே போனது. அப்போதுதான் விக்கல் வந்தது.

ஐந்து பேரும் கையை எடுத்துவிட்டார்கள். யாரோ தண்ணீர் நீட்டினார்கள். வேண்டாமென்று தலையாட்டினேன்.

"தண்ணியும் எறங்குதில்ல" என்று மாப்பிள்ளையின் வாப்பா மெல்லச் சொன்னார். மௌலவி எதையோ ஓதத் தொடங்கினார்.

பரிமாறுகிறவர்களை மேய்த்துக்கொண்டிருந்த நானா ஓடிவந்து என் பக்கத்தில் குந்தினார். விக்கல் ஒருவாறு அடங்கியது. சூழ்நிலையை மாற்ற நினைத்து, "நீங்களும் இருந்து ஒரு வாய் சாப்பிடுங்க நானா" என்றேன்.

"எனக்கு நோம்பு" என்றார்.

"மகள்ற கலியாணத்திலயா? இண்டைக்கு என்ன நோம்பு?"

மௌலவிதான் சொன்னார். "உங்களுக்குத் தெரியாதா? அந்த ஜும்ஆவில இருந்து நாள் விட்டு நாள் புடிக்கிறார். உங்க உசிருக்காகத்தான்."

நான் நானாவை உற்றுப் பார்த்தது அப்போதுதான். புதுச் சட்டை அவருக்கும் தோளிலிருந்து தொங்கியது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கலியாண அலைச்சல் என்று எண்ணியிருந்தேன். வெட்டோ, டொக்டரோ, தராசோ இல்லாமல் அந்த மனிதர் என்னோடு சேர்ந்து மெலிந்திருக்கிறார்.

இனி ஒரு நிமிடமும் என்னால் முடியவில்லை. ஐந்து பேருக்கும் கேட்கவே சொன்னேன்.

"நானா, எனக்கு வருத்தமொண்டும் இல்ல. சாப்பாட்டக் குறைக்க வயித்த வெட்டிச் சின்னதாக்கினது. நான்தான் வெட்டச் சொன்னேன்."

"வெட்டச் சொன்னியா?"

"ஓம்."

"அப்ப நீ மௌத்தாக மாட்டியா?"

"இப்பைக்கு இல்ல நானா."

அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் மௌலவி பக்கம் திரும்பி, "அப்ப நான் புடிச்ச நோம்பெல்லாம்?" என்று கேட்டார்.

மௌலவி என்னைப் பார்த்தார், எலும்புக் குவியலைப் பார்த்தார். "கபூலாகியிரிக்கு, அல்லாஹ் ஏத்துக்கிட்டான், பாருங்களேன், நல்லாத்தானே இரிக்கார். இண்டையது சுன்னத்தான நோம்பு, கட்டாயமானது இல்ல. விட்டாக் குத்தமில்ல" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நானா எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். என்னை இடித்து நகர்த்திவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தார். பிஸ்மில்லாஹ் சொன்னார். என் முன்னால் நின்ற சோற்று மலையில் கையை வைத்து அள்ளி அள்ளி வாயில் போட்டார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, துடைக்கக் கை சுத்தமாக இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் சோறு அள்ளும் அவருடைய கை நடுங்குவதைக் கண்டேன். கோபத்தில் நடுங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கோபமில்லை. அவருக்கு அவ்வளவு பசி.