சுண்ணாம்புக்கு வழி திறந்த நாள்

ஜப்பான்காரன் காலத்தில் பிழைத்தோம் என்றால் அது எங்கள் சாமர்த்தியம் இல்லை. அதைச் சாட்சி சொல்லத்தான் இந்த ஜெபக் கூட்டத்தில் எழுந்தேன். அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் அந்தோணி, நம் ஊர் காஜா பேராங்கில் சின்னச் சின்னக் கட்டட வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர். அவர் தம்பி சவரிமுத்துவும் முனியன் என்ற கொத்தனாரும்தான் கூட வேலை செய்தவர்கள். ஜப்பான்காரன் வந்த மறுவருஷம், பட்டணத்தில் துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் நானாவின் கடையைச் சீர்செய்ய ஒப்புக்கொண்டார். கூரையைப் பிரித்து, சுவரை உயர்த்தி, புதுக்கூரை போட வேண்டும். பேசிய தொகையில் பாதியை நானா ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டாக முன்பணம் கொடுத்தார்.

சிமெண்ட் கண்ணில் படாத காலம். கிளேபாங் கடற்கரையில் கிளிஞ்சல் சுடும் சூளையிலிருந்துதான் சுண்ணாம்பு வர வேண்டும். சுட்ட சுண்ணாம்பை முன்னதாக வாங்கி அடுக்கினால் ஈரக்காற்றுப் பட்டு வீணாகிவிடும். சுவர் எழும்பும்போதுதான் வாங்குவார். தொழில் கற்ற நாளிலிருந்து அப்படித்தான். நோட்டை டின்னில் போட்டுப் பூட்டிவிட்டுக் கூரையைப் பிரித்தார். சுண்ணாம்பு கெட்டுப்போகும் என்று தெரிந்த மனுஷனுக்கு நோட்டும் கெட்டுப்போகும் என்று தெரியவில்லை. கூரை இறங்குவதற்குள் விலை எங்கேயோ போய்விட்டது. கடைசியில் சூளைக்காரர் நோட்டே வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார்.

பேசிய விலைக்கு மேல் நானாவிடம் கேட்க என் வீட்டுக்காரருக்கு வாய் வராது. வேலை நின்றது. அப்போதெல்லாம் வேலை நின்றால் பட்டினியோடு போகாது. சும்மா இருக்கும் ஆண்களைப் பிடித்து, ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கும் வந்து பெயர் எழுதிக்கொண்டு, மறுபடி வரும்போது வேலையில் இல்லாதவனைக் கொண்டுபோவோம் என்று சொல்லிப் போனார்கள். சவரி எனக்குக் கொழுந்தன் என்றாலும் நான் சோறூட்டி வளர்த்த பிள்ளை. 

முனியனால் காத்திருக்க முடியவில்லை. அவர் பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்குகூட இல்லை. “புக்கிட் பாரு பக்கம் கூலி ஏதாச்சும் கிடைக்குதான்னு பார்த்துட்டு வந்துடறேன்க்கா” என்று போனார். நடுவழியில் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

செய்தி கேட்டதும் கோயிலுக்கு ஓடினேன். நான் செய்ததை ஜெபம் என்று சொல்ல எனக்கே கூச்சம். சண்டை போட்டேன். “ஆண்டவரே, கூரையைப் பிரிக்க விட்டீரே, மூட ஒரு வழி காட்டும். சவரியைக் காப்பாற்றும். முனியனைத் திருப்பிக் கொண்டுவாரும்” என்று தரையில் விழுந்து கதறினேன்.

மறுநாள் நானா எங்கள் வாசலில் நின்றார். கடைக்குள் மழை கொட்டுகிறது, திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“தங்கச்சி, ஜப்பான்காரனுக்குத் தெரியாம ஒளிச்சு வச்ச துணியெல்லாம் நனையப் போகுது. சூளைக்காரன் வீட்டுல பொம்பளைங்ககூட சாக்கைச் சுத்திக்கிட்டு இருக்காங்களாம். துணியைக் குடுத்தா சுண்ணாம்பு தருவான். கூலிக்கும் துணியே தர்றேன், அரிசிக்கு மாத்திக்குங்க. நோட்டை மறந்துடுங்க” என்றார்.

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். நாங்கள் யாரும் போய் அழைக்காமலே அந்த மனுஷனை எங்கள் வாசலுக்கு அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும்.

பெயர் எழுதியவர்கள் திரும்பி வந்தபோது சவரி சாரத்தில் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தான். அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு மாற்றம். எந்த வேலை எடுத்தாலும் ஆட்களின் கூலியை அன்றன்றைக்கே அரிசியாகக் கொடுத்துவிட்டுத்தான் இவர் சாப்பிட உட்காருவார். முனியன் பங்கு அவர் மனைவி காத்தாயிக்குப் போகும்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஒவ்வொருவராக வருகிறார்கள். காத்தாயி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். போன வாரம் அரிசி வாங்க வந்தவள் கேட்டாள்:

“அக்கா, அன்னிக்கு அழுதப்ப எங்க வீட்டுக்காரரு பேரையும் சொன்னீங்களா?”

“சொன்னேன்டி.”

அரிசியை முந்தானையில் முடிந்தாள். “அப்ப உங்க சாமி காதுல விழுந்திருக்கும். இன்னும் கேளுங்கக்கா” என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. எனக்குக் கிடைத்துவிட்டது, அவளுக்கு இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் நம்பிக் கேளுங்கள், ஆண்டவர் கேட்கிறார். அதற்குச் சாட்சியாக சவரி உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். இப்போது எல்லாரும் என்னோடு முழங்காலில் நில்லுங்கள். பெயர் முனியன். கொத்தனார். இன்னும் வீடு வந்து சேரவில்லை.