மாயாபந்தருக்கு இறங்கிய வழக்கு

எங்கள் தீவுகளில் ஒரு வழக்கம் உண்டு. பல் பிடுங்க வேண்டுமா, போர்ட் பிளேர். கல்யாணப் புடவை எடுக்க வேண்டுமா, போர்ட் பிளேர். நியாயம் வேண்டும் என்றபோது நானும் எங்கள் ஊர் ரங்கத்திலிருந்து அங்கேதான் ஓடினேன். மாவட்ட கோர்ட்டில் போட்டால்தான் அண்ணன் பயப்படுவான் என்று நினைத்தேன். சுத்த முட்டாள்தனம்.

அப்பாவுக்கு ரங்கத்தில் சர்க்கார் கொடுத்த நிலத்தில் பாதி பாக்குத் தோப்பு. அப்பா போனதும், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் வீடு கட்டிக் குடியிருந்த அண்ணன் முழு நிலத்தையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். தோப்பு வைத்ததே தான்தான் என்றும், நான் விருந்துக்கு வந்து ஒட்டிக்கொண்டவள் என்றும் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தான். இருபது வருடம் அந்த மண்ணில் இடுப்பொடிய உழைத்தவள் நான்.

என் கையில் காகிதம் ஏதும் கிடையாது. நான் கன்று நட்டதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்தான், பக்கத்து நிலத்து வங்காளக்காரம்மா; மாசி, அதாவது சித்தி என்றுதான் கூப்பிடுவோம். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர், பஸ் கிளம்பிய அரை மணியில் வாந்தி எடுப்பவர். போர்ட் பிளேர் போகும் வழியில் ஜாரவாப் பழங்குடிகளின் காட்டுக்குள் குறித்த நேரத்தில்தான் வண்டிகளை ஒன்றாகச் சேர்த்து விடுவார்கள். ஒருமுறை அந்த நேரத்தைத் தவறவிட்டு, துவண்டுபோன மாசியைத் திருப்பிக் கூட்டி வந்தேன்.

"ஹம் அப் நஹீ ஜாயேகா. மர் ஜாயேகா," என்று படுத்துவிட்டார். இனிமேல் போனால் செத்துப்போவாராம். அவர் சாட்சி சொல்லாவிட்டால் என் நிலம் போச்சு.

அந்தக் காட்டைக் கடக்காமலே போய்விடக்கூடிய பக்கத்து ஊர் மாயாபந்தருக்கு வழக்கை மாற்றச் சொல்லி வக்கீலிடம் கேட்டேன். அவர் முகம் சுளித்தார்.

"எல்லாரும் மேல் கோர்ட்டுக்குப் போவாங்க. நீங்க கீழ் கோர்ட்டு கேக்குறீங்களேக்கா?"

"மாசி வந்து ஏறுற கோர்ட்டு எதுவோ அது வேணும் சார். மனு போடுங்க."

அண்ணனுக்கு விஷயம் எட்டியதும் போன் வந்தது. "என்ன, பயந்துபோய் இறங்குறியாமே?"

"மாயாபந்தர்லயும் கப்பல் நிக்கிற ஜெட்டி இருக்குண்ணே. பஸ் கஷ்டமா இருந்தா கப்பல்ல வா," என்று வைத்துவிட்டேன்.

மனு மூன்று முறை தள்ளிப்போனது. மூன்று முறையும் விடியுமுன் பஸ் பிடித்துப் போய் நின்றேன். நான்காவது முறை வழக்கை மாயாபந்தருக்கு அனுப்பினார்கள்.

அங்கே மாசி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். தோப்பு இவள் வைத்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அண்ணனின் வக்கீல் கேட்டார். மாசி ஹிந்தியில் பொரிந்து தள்ளினார். தெரியாமல் என்ன, அத்தனை கன்றும் என் நாற்றங்காலிலிருந்து இவள் திருடிக்கொண்டு போனது, அதற்காக இரண்டு வருடம் இவளோடு பேசாமல் இருந்தேன் என்றார். கோர்ட்டே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

நீதிபதி அண்ணனைப் பார்த்து, தோப்பை வைத்தவர் நீங்கள் என்றால் கன்று எங்கே கிடைத்தது என்று கேட்டார். அண்ணன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் மேஜையைப் பார்த்தார்.

மாசியிடம் இத்தனை வருடமும் சாமி மேல் சத்தியம் செய்து இல்லவே இல்லை என்று சாதித்தவள் நான். யாரும் கேட்காமலே எழுந்து நின்றேன். திருடியது நான்தான் என்று கோர்ட் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

தோப்பை வைத்தது தான்தான் என்ற அண்ணனால், கன்றைத் திருடியது தான்தான் என்று சொல்ல முடியவில்லை.