நாற்காலியில் பார்த்த இடுப்பு

வேங்கைவாசலில் தையல்நாயகியம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. நாற்று நட்ட நிலம் பிளாட்டாகி, அதில் எட்டு வாடகை வீடுகள் எழும்பிய பிறகும், எழுபத்திரண்டு வயதில் தண்ணீர் மோட்டாரைத் தன் கையால்தான் போடுவார். குடித்தனக்காரர் குழாயைத் திறந்துவிட்டுப் போனால் தெருவே கேட்கும்படி திட்டுவார். அன்று மாலையே அந்த வீட்டுக்குக் குழம்பு போகும்.

நான் வீடுவீடாகப் போகும் பிசியோதெரபிஸ்ட். ஒருமுறை அவருடைய தோள்வலியைச் சரிசெய்ததில், அந்த வீட்டில் எனக்கு டாக்டருக்கு நிகரான மரியாதை. அதுவே வினையாகிவிட்டது. மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எனக்குப் போன் போடச் சொன்னார்.

போனேன். நொண்டியபடி வாசல்வரை வந்தார். "தொடை இடுக்குல லேசா நோவுது தம்பி, அவ்ளோதான்" என்றார்.

இடுப்பைப் பார்ப்பதென்றால் படுக்க வைக்க வேண்டும். இரண்டு குதிகாலையும் சேர்த்து அளவு பார்க்க வேண்டும். காலை மெதுவாக உருட்டி வலிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். முதல் வருடப் பாடம்தான். ஆனால் அவருடைய மகன் எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்தார். படுங்கம்மா, புடவையைக் கொஞ்சம் ஏற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டி மடக்கச் சொன்னேன். சதைப் பிடிப்பு என்றேன். எக்ஸ்ரே எடுக்கலாமா என்று மருமகள் சந்திரிகா கேட்டதற்கு, "எலும்பு உடைஞ்சிருந்தா நடக்கவே முடியாதுங்க" என்று சிரித்தேன்.

என்ன கெட்டிக்காரத்தனம். தொடை எலும்பின் கழுத்து உடைந்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றுகொண்டால் சிலர் நாள்கணக்கில் நடப்பார்கள். அதையும் படித்துத்தான் பாஸானேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தினமும் இருபது தடவை காலைத் தூக்குங்கள், தெருக்கோடிவரை நடங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பதாம் நாள் கொல்லைப்புறத்தில் திரும்பும்போது கால் நிற்காமல் விழுந்துவிட்டார். சந்திரிகா அனுப்பிய படத்தில் அந்தக் கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

தாம்பரத்தில் ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டர் ஸ்டெபின் என்னையும் வைத்துக்கொண்டுதான் விளக்கினார். விழுந்த அன்றே வந்திருந்தால் மூன்று ஸ்க்ரூவோடு முடிந்திருக்கும். இப்போது எலும்பு விலகிவிட்டதால், இடுப்பு மூட்டின் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும். பிறகு அம்மாவிடம் கேட்டார்: "இத்தனை நாள் யார்கிட்டம்மா காட்டுனீங்க?"

நானே சொல்லிவிடுவது என்றுதான் எழுந்து நின்றேன்.

"தோ, இந்தத் தம்பிதான் பாத்துச்சி. கரெக்டாதான் சொல்லிச்சி டாக்டர்" என்றார் தையல்நாயகியம்மா. "இருபது வாட்டி தூக்கச் சொல்லிச்சி. நோவு தாங்காம நான்தான் ரெண்டு நாளு பத்தோட நிறுத்திட்டேன். அதான் இப்டி ஆயிடுச்சி. தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.